பழைய வெள்ளி ரூபாய்களின் மதிப்பை நீங்களே கணிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்டியின் சுருக்குப்பையிலிருந்தோ, பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்தோ பத்து இருபது வெள்ளிக்காசுகள் கைக்கு வரும்போது வீட்டில் முதலில் எழும் கேள்வி "இது எவ்வளவு போகும்?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. நகைக்கடைக்காரர் காசைத் தராசில் போட்டு, அன்றைய வெள்ளி விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு ஒரு தொகையைச் சொல்வார். கைப்பேசியில் வந்து சேரும் காணொளியோ அதே காசுக்குப் பல லட்சம் கிடைக்கும் என்று அடித்துப் பேசும். பெரும்பாலான காசுகளின் மதிப்பு நகைக்கடைக்காரர் சொன்ன தொகைக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. மிகச் சில காசுகளுக்கு மட்டுமே அது பல மடங்கு உயர்கிறது. அந்தச் சிலவற்றைப் பலவற்றிலிருந்து பிரித்தெடுப்பது எப்படி என்பதையே இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது 1835 முதல் 1945 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் புழங்கிய வெள்ளி ரூபாய்களையும், அவற்றின் அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா ஆகிய சில்லறைகளையும்தான். திருவிதாங்கூர்ச் சக்கரம், ஐதராபாத் ரூபாய், புதுச்சேரிப் பணம் போன்றவற்றுக்கு வேறு எடையும் வேறு கணக்கும் உண்டு என்பதால், அவை உங்கள் டப்பாவில் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காசின் வயதுக்கும் விலைக்கும் நேரடி உறவு கிடையாது. 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய் மிகச் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதைவிட 77 ஆண்டுகள் இளைய 1939ஆம் ஆண்டு ரூபாய், பிரிட்டிஷ் இந்திய நாணயங்களிலேயே மிக அரியவற்றுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. எத்தனை காசுகள் இன்று எஞ்சியிருக்கின்றன, அவற்றில் எத்தனை தேயாமல் இருக்கின்றன, அவற்றைத் தேடுவோர் எத்தனை பேர் என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

முதல் படி: எதையும் தேய்க்காமல் பிரித்து அடுக்குதல்

டப்பாவைத் திறந்ததும் கை தானாகப் புளியையோ விபூதியையோ தேடும். அதை அடக்கிக்கொள்வதே முதல் வேலை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மேசையில் மெத்தென்ற துணி ஒன்றை விரித்து, காசுகளை விளிம்பில் பிடித்து எடுத்து, தலைப் பக்கம் மேலே இருக்குமாறு பரப்புங்கள். விரல் ரேகைகூட நாளடைவில் வெள்ளியில் கறையாகப் பதியும் என்பதால் முகப்பில் விரல் படக்கூடாது.

இனி ஆட்சியாளர் வாரியாகப் பிரிக்கலாம். இதற்கு ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை, முகம் பார்க்கும் திசையே பாதி வேலையை முடித்துவிடும். வலப்பக்கம் பார்க்கும் ஆண் முகமும் பின்புறத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இருந்தால் அது 1835ஆம் ஆண்டின் நான்காம் வில்லியம் காசு. இடப்பக்கம் பார்க்கும் பெண் முகம் விக்டோரியா: கிரீடம் இல்லாமல் கொண்டையோடு இருந்தால் 1840ஆம் ஆண்டின் கம்பெனிக் காசு, கிரீடமும் பூவேலைப்பாடுள்ள மேலாடையும் இருந்தால் 1862 முதல் வந்தது. வலப்பக்கம் பார்க்கும், கிரீடமே இல்லாத தாடிக்காரர் ஏழாம் எட்வர்ட். அவருடைய ரூபாய்கள் 1903 முதல் 1910 வரை வந்தன. இடப்பக்கம் பார்க்கும், கிரீடமும் தாடியும் உள்ளவர் ஐந்தாம் ஜார்ஜ். அதே பக்கம் பார்க்கும், தாடியில்லாத கிரீடதாரி ஆறாம் ஜார்ஜ்.

பிரிக்கும்போதே வெள்ளியல்லாதவற்றைக் கழித்துவிடுவது நல்லது. பின்புறம் புலி உள்ள 1947ஆம் ஆண்டு ரூபாயும், 1946, 1947 ஆண்டுகளின் அதே புலி வகை அரை ரூபாயும் கால் ரூபாயும் நிக்கல் காசுகள். காந்தத்தைக் காட்டினால் சட்டென ஒட்டிக்கொள்ளும். வெள்ளி எந்நாளும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாதவை எல்லாம் வெள்ளி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. முதல் உலகப் போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால், 1918 தொடங்கிச் சிறிய மதிப்புக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் வெளிவந்தன. சதுர இரண்டணா, விளிம்பு வளைந்து வளைந்து செல்லும் நாலணா, வட்டமான எட்டணா ஆகியவை அவை. இவற்றில் வட்டமான எட்டணாவைப் பலர் வெள்ளி என்று நம்பிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காந்தமும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாம் படி: எடை, தரம், அடிப்படை விலை

எந்தக் காசுக்கும் ஒரு தரைவிலை உண்டு. அது அதிலுள்ள சுத்த வெள்ளியின் விலை. இதைக் கணிக்க 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு போதும்.

1835 முதல் 1939 வரையுள்ள ரூபாய்கள் அனைத்துக்கும் ஒரே எடை, ஒரே தரம். எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆக ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. இந்த எடைதான் ஒரு தோலா. நாட்டு மருந்துக் குறிப்புகளில் "ஒரு ரூபாய் எடை" சுக்கு, "அரை ரூபாய் எடை" மிளகு என்று வருவது இந்தக் காசைத் தராசுத் தட்டில் படிக்கல்லாக வைத்த பழக்கத்தால்தான். அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், இரண்டணா 1.46 கிராம், தரம் அதேதான்.

1940இல் கதை மாறுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளியை மிச்சப்படுத்த, நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு நிக்கல், 5 பங்கு துத்தநாகம் கலந்த உலோகத்தில் காசு அடித்தார்கள். எடை மாறவில்லை, உள்ளிருக்கும் வெள்ளி மட்டும் 5.83 கிராமாகக் குறைந்தது. ஆகவே 1938ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் 1941ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும், வெள்ளிக் கணக்கில் பின்னது முன்னதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. தேய்ந்த கலப்புவெள்ளிக் காசில் மேடான இடங்கள் மங்கிய செம்மஞ்சளாகத் தெரிவதுண்டு. புதிதாக அச்சிட்டபோது வெண்மையாக்கிய மேல்தோல் தேய்ந்து, உள்ளேயிருக்கும் செம்பு எட்டிப்பார்ப்பதுதான் அது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விக்டோரியா ரூபாய் தேய்ந்து 11.50 கிராம் நிற்கிறது. 11.50ஐ 0.9167ஆல் பெருக்கினால் 10.54 கிராம் சுத்த வெள்ளி, தரைவிலை 1,054 ரூபாய். அதே எடையில் 1943ஆம் ஆண்டு ரூபாய் என்றால் 575 ரூபாய். உருக்கி எடுப்பவருக்குச் சேதாரமும் கூலியும் உண்டு என்பதால் கைக்கு வருவது இதைவிடக் குறையும். அன்றைய வெள்ளி விலையைப் போட்டு ஒவ்வொரு காசுக்கும் இந்தத் தொகையை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு யார் என்ன விலை சொன்னாலும் அது எங்கே நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

தரத்தைச் சோதிக்க உரைகல்லும் அமிலமும் தேவையில்லை. உரைகல்லில் தேய்த்தால் காசின் விளிம்பு போய்விடும். தண்ணீரே போதும். தராசின் மீது ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெதுவாக அசைத்து விலக்குங்கள். இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. முழு எடையுள்ள உயர்தர வெள்ளி ரூபாய்க்கு அது ஏறத்தாழ 1.13 கிராம் இருக்கும்; பாதி வெள்ளிக் காசுக்கு 1.22 பக்கம் வரும்; செம்பும் நிக்கலும் கலந்த போலிக்கு 1.31 வரை போகும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அதன் அடர்த்தி கிடைக்கும். உயர்தரக் காசுக்கு அது 10.3 அருகே நிற்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, காசுக்கு ஒரு கீறலும் விழாது. முடிந்ததும் துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டு, அச்சுச்சாலை (காசு அடித்த இடம்), வகை

இந்தப் படியில்தான் பொறுமை காசாகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும், ஒரு பக்கமிருந்து விழும் மேசை விளக்கொளியும் வேண்டும்.

1835, 1840, 1862 ஆகிய மூன்று ஆண்டுகளும் "உறைந்த ஆண்டுகள்". காசு அடித்த ஆண்டு மாறினாலும் அச்சில் எண் மாறவில்லை. வில்லியம் 1837இலேயே இறந்துவிட்டார். அவர் தலையுள்ள 1835 ரூபாய் 1840 வரை அடிக்கப்பட்டது. 1840 ரூபாயில் இரண்டு வகை உண்டு: விக்டோரியாவின் பெயரெழுத்து தலையைச் சுற்றித் தொடர்ந்து ஓடுவது ஒன்று, தலையின் இருபுறமும் பிரிந்து நிற்பது மற்றொன்று. இரண்டுமே தாராளமாகக் கிடைப்பவை. கழுத்து வெட்டில் உள்ள முதலெழுத்துகள், இலை வளையத்தில் உள்ள காய்களின் எண்ணிக்கை என்று சேகரிப்பாளர்கள் பல உட்பிரிவுகளைக் கண்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் சில அரியவை என்பதால், பட்டியல் நூலைப் பார்க்காமல் மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம்.

1862 ரூபாய் தனிச் சுவை உள்ளது. இந்த ஆண்டெண் 1874 வரை மாறாமல் நின்றதால், உண்மையில் எந்த ஆண்டில் அடித்தார்கள் என்பதைக் காட்டப் பின்புறத்தில் சிறு புள்ளிகளை வைத்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், 1862 என்ற எண்ணுக்குக் கீழேயும், மதிப்பைச் சொல்லும் முதல் சொல்லுக்கு மேலேயும் கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள் தெரியும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தோற்றமுள்ள இரண்டு காசுகளில், ஒரு புள்ளி கூடுதலாக இருப்பதாலேயே ஒன்று பன்மடங்கு விலைக்குப் போவதுண்டு. அழுக்கையும் கீறலையும் புள்ளி என்று எண்ணிவிடாமல் இருக்க, விளக்கைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். மேடான புள்ளிக்கு நிழல் விழும்.

1874 முதல் ஆண்டெண்கள் வழக்கம்போல மாறத் தொடங்கின. 1876 வரை "ராணி" என்றும், 1877 முதல் "பேரரசி" என்றும் பட்டம் மாறுவதைக் காணலாம். விக்டோரியா காசின் பின்புறத்தில், பூவேலைப்பாட்டின் நடுப்பூவில் மிகச் சிறிதாக பம்பாய்க்கு "பி", கல்கத்தாவுக்கு "சி" என்ற ஆங்கில எழுத்து இருக்கலாம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்புறம் கீழே, தாமரைக்கு அடியில் ஒரு சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. 1943இல் திறந்த லாகூர் அச்சுச்சாலையின் காசுகளில் "எல்" எழுத்து வரும்.

ஐந்தாம் ஜார்ஜ் காசுகள்தான் தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதி. அதற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போரின் இறுதியில் காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்களுக்குக் கொடுக்க அரசிடம் வெள்ளி இல்லை. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை இயற்றி, தன் கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கு மேற்பட்டவற்றை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது; அந்த வெள்ளி ரூபாய்களாக இங்கே வந்து சேர்ந்தது. ஆகவே 1918, 1919, 1920 என்று ஆண்டு உள்ள சாதாரண ரூபாய்க்கு, அது பளபளவென்று புதிதாக இருந்தாலொழிய, தரைவிலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 1921, 1922 ஆண்டுகளின் பம்பாய்க் காசுகள் அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவாகவே அடிக்கப்பட்டவை. இவற்றைத் தனியே வையுங்கள். 1922க்குப் பின் 1938 வரை புழக்கத்துக்கென்று ஒரு ரூபாய்க் காசு அடிக்கப்படவில்லை, அரை ரூபாயும் கால் ரூபாயும்தான் வந்தன. ஆகவே 1929 என்று எழுதிய ரூபாயை யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் எல்லோரும் கேட்பது 1911ஆம் ஆண்டின் "பன்றி ரூபாய்". அரசரின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. அச்சை வெட்டியவர் அதன் துதிக்கையைக் குட்டையாக்கிவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது, எதிர்ப்பு கிளம்பியது. அடித்திருந்த ஏறத்தாழ 94 லட்சம் காசுகளில் 7 லட்சம்தான் அதற்குள் வெளியே போயிருந்தன. மீதி நிறுத்தி வைக்கப்பட்டு உருக்கப்பட்டது. 1912 முதல் துதிக்கையை நீட்டித் திருத்தினார்கள். உருப்பெருக்கியில் 1911 காசையும் 1912 காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னதில் குட்டை மூக்கும் உருண்ட உடலும், பின்னதில் தெளிவாகக் கீழிறங்கும் துதிக்கையும் தெரியும். கதை நன்றாக இருப்பதால் இந்தக் காசுக்கு எப்போதும் கேட்பு உண்டு. சாதாரண ஆண்டுக் காசைவிடக் கூடுதல் விலை நிச்சயம். ஆனால் 7 லட்சம் என்பது சிறிய எண்ணிக்கை இல்லை. காணொளிகள் சொல்லும் லட்சங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடித்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிது, சாதாரணம் என்று முடிவுகட்டுவதிலும் ஒரு பிசகு இருக்கிறது. 1940களின் தொடக்கத்தில் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் காலத்து உயர்தர ரூபாய்களை அரசு திரும்பப் பெற்று உருக்கியது. போர் முடிந்தபின், அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கக் கலப்புவெள்ளி ரூபாய்களும் உருக்கப்பட்டன. எஞ்சியவை மக்கள் பானையிலும் மண்ணிலும் கழுத்திலும் பதுக்கியவை மட்டுமே. அந்தப் பதுக்கல், ஆண்டு பார்த்து நடந்ததில்லை.

நான்காம் படி: நிலையை மதிப்பிடுதல்

ஒரே ஆண்டு, ஒரே அச்சுச்சாலை என்றாலும் ஒரு காசு வெள்ளி விலைக்கும் இன்னொன்று அதன் பத்து மடங்குக்கும் போவதற்கு நிலைதான் காரணம். சாதாரணக் காசுகளைப் பொறுத்தவரை, ஆண்டைவிட நிலையையே நான் முதலில் பார்ப்பேன்.

தேய்மானம் எப்போதும் மேடான இடத்தில் தொடங்கும். விக்டோரியா காசில் நெற்றிக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், மேலாடையின் பூவேலைப்பாடு ஆகியவற்றைப் பாருங்கள். கூந்தல் இழைகள் தனித்தனியாக எண்ணும்படி இருந்தால் அது உயர்ந்த நிலை. ஒரே திட்டாக மழுங்கியிருந்தால் நடுத்தரம். மேலாடையே வழுவழுவென்று இருந்தால் வெள்ளி விலைக் காசு. ஐந்தாம் ஜார்ஜில் காது, மீசை, கிரீடத்தின் முத்துவரிசை, அந்த யானை. எட்வர்டில் காதுக்கு மேலுள்ள முடியும் தாடியும். எட்வர்ட் காசில் தலை வெறுமையாக இருப்பதால் தேய்மானம் சட்டென்று தெரியாது, காது மடலின் ஓரம்தான் காட்டிக்கொடுக்கும். சந்தையில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், புழக்கத்துக்கே வராததற்கு யுஎன்சி என்று ஏறுவரிசையில் சொல்வார்கள். முதல் இரண்டுக்கும் இடையில் விலை கொஞ்சம்தான் ஏறும். கடைசி இரண்டுக்கும் இடையில்தான் பெரிய தாண்டல்.

புழங்காத காசின் அடையாளம் பளபளப்பு அன்று, ஒளியோட்டம். காசை விளக்கடியில் சாய்த்துச் சுழற்றினால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒளிக்கீற்றுகள் சக்கர ஆரம் போலச் சுற்றிவர வேண்டும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் வெளிநோக்கி ஓடியபோது உண்டான நுண்வரிகளால் வருவது அது. தேய்த்த காசில் ஒளி எல்லாத் திசையிலும் தட்டையாகச் சிதறும்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஒரு காசு. சிறு வயதில் கிடைத்த 1862 ரூபாய் ஒன்று, கருநீலமும் பழுப்பும் ஓடி, விளிம்பில் லேசான பொன்னிறத்தோடு இருந்தது. அதை அழுக்கு என்று நினைத்துப் புளியில் ஊறவைத்து, பற்பொடி போட்டுக் கட்டைவிரலால் தேய்த்து, பண்டிகைக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கினேன். பல ஆண்டு கழித்து அதை ஒரு சேகரிப்பாளரிடம் பெருமையாக நீட்டியபோது அவர் விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார், முகத்தின் குறுக்கே ஓடிய நூறு மயிரிழைக் கீறல்களை எனக்குக் காட்டினார், "எடைக்குத்தான் எடுப்பாங்க தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கருமை வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்து தானாக உண்டாக்கிய மேற்பூச்சு. நூறு ஆண்டு தொடாமல் இருந்ததற்கு அதுவே சாட்சி. எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரிலோ அசிட்டோனிலோ சற்று ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க் காசுகளுக்கே உரிய ஊனம் ஒன்று உண்டு. காசுமாலைக்காகவும் குழந்தைகளின் அரைஞாணுக்காகவும் வளையம் பற்றவைத்தவை ஏராளம். பிறகு வளையத்தை எடுத்து, இடத்தை அரத்தால் ராவி மறைத்திருப்பார்கள். தலைக்கு நேர் மேலே விளிம்பைத் திருப்பிப் பாருங்கள்: விளிம்பின் பற்கள் அங்கே மட்டும் மழுங்கியிருக்கும், உலோகத்தின் நிறமும் சற்று மாறித் தெரியும். துளையிட்டவை, பணம் மாற்றுவோர் முத்திரை குத்திச் சோதித்தவை ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் வரும். அரிய ஆண்டாக இல்லாவிட்டால் இவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு இல்லை.

ஐந்தாம் படி: போலியைக் கழித்தல்

சாதாரணக் காசைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்ற நம்பிக்கை இப்போது செல்லாது, விக்டோரியா ரூபாயையே வார்த்து விற்கிறார்கள். எடை, தண்ணீர்ச் சோதனை இரண்டும் பெரும்பாலான போலிகளை நிறுத்திவிடும். தாண்டியவற்றில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு இருக்கிறதா, வெற்றிடத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிகின்றனவா, எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல உருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

1939 என்று கண்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். 1938 காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியதாக இருந்தால் உலோகம் உண்மையானதுதான், தண்ணீர்ச் சோதனையும் பிடிக்காது. கடைசி எண்ணைச் சுற்றி உலோகம் கலைந்திருப்பதை உருப்பெருக்கிதான் காட்டும். 1940 முதல் வந்த காசிலிருந்து மாற்றியது என்றால் அடர்த்தியே போதும், 10.3க்கு வராது. இரண்டிலும் தேறினாலும் விற்கும் முன் நிபுணர் கையில் கொடுத்தே முடிவு செய்ய வேண்டும்.

ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன் உருவமும், கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும், 1818 போன்ற ஆண்டும், "அணா" என்ற மதிப்பும் பொறித்த கனமான வில்லைகள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. கம்பெனி இவற்றை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற கற்பனைப் பொருள்கள். அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, நம் காவல் நிலையங்களில் போதுமான அளவு வழக்குகள் இருக்கின்றன.

ஆறாம் படி: சந்தை விலையைத் தேடி, விற்பதா வைப்பதா என்று முடிவெடுத்தல்

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை. உண்மையில் விற்றுக் கைமாறிய தொகைதான் விலை. நாணய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் முடிவுகளைப் படத்துடன் வெளியிடுகின்றன. உங்கள் காசின் ஆண்டு, அச்சுச்சாலை, வகை, நிலை ஆகிய நான்கும் பொருந்தும் மூன்று நான்கு விற்பனைகளைத் தேடி எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைக் கொள்ளுங்கள். அதிலும் உங்கள் காசின் நிலையை ஒரு படி குறைத்தே ஒப்பிடுங்கள், சொந்தக் காசு எவருக்கும் சற்றுக் கூடுதல் அழகாகத்தான் தெரியும்.

தேய்ந்த ஐந்தாம் ஜார்ஜ் காசுகளையும் கலப்புவெள்ளிக் காசுகளையும் மொத்தமாக விற்பதானால், நகைக்கடையில் கேட்பதற்கு முன் நாணய வணிகரிடம் கேளுங்கள். உருக்காமல் அப்படியே மறுபடி விற்க முடியும் என்பதால் அவர் சற்றுக் கூட்டிக் கொடுக்க இடமிருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் ஒரே நாளில் ஐந்தாறு பேரிடம் கேட்டுவிடலாம். முதல் ஆளிடமே விற்றுவிடாதீர்கள், எல்லாக் காசையும் ஒரே தட்டில் கொட்டிக் காட்டவும் வேண்டாம். நல்லதையும் சேர்த்து எடைக்குக் கேட்பார்கள். மூன்றாம் படியில் தனியே வைத்தவற்றை ஏலத்துக்கு அனுப்பலாம், தரகு எவ்வளவு என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமைப்புகளிடம் அனுப்பி 70 புள்ளி அளவுகோலில் தரமிட்டு உறையிட்டு வாங்குவது, காசின் மதிப்பு அந்தக் கட்டணத்தைப் போல் பல மடங்கு இருக்கும்போது மட்டுமே பொருந்தும். ஒரு சாதாரண 1919 ரூபாயை அப்படி அனுப்புவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"ரிசர்வ் வங்கி பழைய காசுகளை வாங்குகிறது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி அப்படிப்பட்ட வாங்கல் விற்றலில் ஈடுபடுவதில்லை என்றும், தன் பெயரில் கட்டணமோ தரகோ கேட்பது மோசடி என்றும் 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், காசுக்குப் பகை எது என்று தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அது சுற்றிய இடத்தில் கருங்கோடு விழும். மலிவான பிவிசி உறைகள் காலப்போக்கில் பச்சை நிறப் பிசினைக் கக்கும். பிவிசி கலக்காத உறையோ, அளவுக்கேற்ற ஒளிபுகும் குப்பியோ வாங்கி, ஒரு குப்பிக்கு ஒரு காசு என்று வைத்து, ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். ஒவ்வொன்றின் ஆண்டு, அச்சுச்சாலை, எடை, தண்ணீர்ச் சோதனை எண், இருபுறப் படம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதினால், பங்கு பிரிக்கும்போதும் திருட்டுப் போனாலும் அது பயன்படும்.

சட்டத்தில் இரண்டு இடங்கள் நேரடியாக நம்மைத் தொடுகின்றன. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்த காசுகள் பரம்பரைச் சொத்துக் கணக்கில் வராது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். இன்றைய வெள்ளி விலையில் ஒரே ஒரு ரூபாய்க் காசு அந்த வரம்பைத் தாண்டிவிடும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறு ஆண்டு நிறைந்த நாணயத்தைத் தொல்பொருளாகக் கொள்கிறது, தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. 1862 மட்டும் இல்லை, வீடுதோறும் கிடக்கும் 1918, 1919, 1920 காசுகளும் அந்த நூறைக் கடந்துவிட்டன. வெளிநாட்டு வாங்குபவர் எவ்வளவு நல்ல விலை சொன்னாலும் அவற்றைத் தபாலில் போட முடியாது.